விருந்தினராய் வாழ்ந்த ஊர்

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து வாழ்வது இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் நம்மவர் எவர்க்கும் புதிதன்று. கரோல் பாகில் வாடகை வீடு தேடி அலைந்த நாட்களையும், இட்லி அரிசிக்காகப் பேருந்து மாறிச் சென்ற நாட்களையும் நம்முள் மூத்தோர் இன்றும் சுவைபடச் சொல்வர். நாங்களும் அவ்வாறு தில்லிக்கு வந்து ஊன்றிய குடும்பந்தான். ஆயினும், 2010 முதல் 2017 வரை ஏழாண்டுகள், அலுவல் காரணமாகத் தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கில் வாழும் நிலை எங்களுக்கு ஏற்பட்டது. அந்நகரின் பொற்கூரைக் கோயில்களையும் அரண்மனையையும் போற்றிப் பயண நூல்கள் பல எழுந்துள்ளன. நாங்கள் சொல்ல விழைவது அவற்றையன்று. ஒரு சந்தில் குடியிருந்து, காய்கறி வாங்கி, துணி வெளுக்கப் போட்டு, மின்கட்டணம் செலுத்தி, இறுதியில் எங்கள் அன்னையையும் அங்கிருந்தே வழியனுப்பி வைத்த கதையைச் சொல்ல விழைகிறோம்.

அந்நகருக்குச் சென்ற முதல் வாரத்திலேயே எங்களுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. 'கேக்' என்பது அப்பெயர். நம் காதுக்கு இனிப்புப் பண்டத்தின் பெயர்போல் ஒலிக்கும் இச்சொல்லுக்குத் தாய் மொழியில் விருந்தினர் என்று பொருள். இந்தியரையும், மலாய் மக்களையும், மேற்காசியரையும் அவர்கள் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். சீலோம் சாலையில், 19ஆம் நூற்றாண்டில் சென்று குடியேறிய தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கும் 'வாட் கேக்', அதாவது விருந்தினர் கோயில், என்பதே ஊரார் வழங்கும் பெயர். நூறாண்டுகளுக்கு மேலாக அங்கே வீற்றிருக்கும் அம்மனும் விருந்தினர்தாமா என்று நாங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு. நம்மவருள் சிலர் அச்சொல்லில் ஒரு சிறுமையைக் கண்டு வருந்தினர். எங்களுக்கும் தொடக்கத்தில் அவ்வருத்தம் இருந்தது.

மொழியோ எங்களுடன் கண்ணாமூச்சி ஆடியது. தாய் எழுத்து, பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கெமர் எழுத்தின் வழியாகப் பிறந்தது. வடசொற்களும் அம்மொழியில் மிகுதி. தயவுசெய்து என்பதற்குக் 'கருணா' என்பர், உணவு 'ஆஹான்', நேரம் 'வேலா', ஆசிரியர் 'ஆச்சான்', மல்லிகை 'மலி'. நன்றி கூறும் 'கோப் குன்' என்ற தொடரில் உள்ள 'குன்' நம் குணமே. இத்தனை அறிந்தும் கடையில் உப்புக் கேட்க இயலவில்லை. அம்மொழியில் ஐந்து தொனிகள் உள்ளன. தொனி பிழைத்தால் சொல்லே வேறாகிவிடும். எத்தனை முறை திருத்திச் சொன்னாலும் கடைக்காரர் முகத்தில் புன்னகை மாறாது. ஆனால் பொருளும் வராது. ஆண்டுக் கணக்கும் அவ்வாறே. புத்தர் ஆண்டு நம் கணக்கினும் 543 கூடுதல். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் 2553 என்று கண்டதும், இன்னும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு வாடகை உயராது போலும் என்று மகிழ்ந்தோம்.

எங்கள் வீடு சீலோம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. அந்நகரில் பெருஞ்சாலை ஒன்றிலிருந்து பிரியும் சந்துகளுக்கு எண்களே பெயர். ஒரு புறம் ஒற்றைப்படை, மறுபுறம் இரட்டைப்படை. சந்தின் வாயிலில் செம்மஞ்சள் மேலங்கி அணிந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் காத்திருப்பர். இரயில் நிலையம் வரை கொண்டுபோய் விடுவதும், மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியை அலுவலகத்திற்குக் கொணர்ந்து தருவதும் அவர்கள் தொழிலே. அடுத்து, காசு போட்டால் குடத்தில் குடிநீர் நிரப்பும் பொறி. அதன் அருகே துணி வெளுத்துத் தேய்த்துத் தரும் அம்மையார். தையல் பொறியொன்றை நடைபாதையிலேயே வைத்துக்கொண்டு கிழிசல் தைக்கும் முதியவர். முனையில் இரவும் பகலும் திறந்திருக்கும் சிறு கடை. மின்கட்டணம், நீர்க்கட்டணம், தொலைபேசிக் கட்டணம் அனைத்தையும் அங்கேயே செலுத்திவிடலாம். தில்லியில் வரிசையில் நின்று பழகிய எங்களுக்கு இது பெரும் வியப்பு.

இவர்களுக்கெல்லாம் நடுநாயகமாக, தள்ளுவண்டியில் சோறும் குழம்பும் விற்ற ஓர் அம்மையார் இருந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அங்கே பெயர் சொல்லி அழைப்பதைவிட உறவு சொல்லி அழைப்பதே வழக்கம். மூத்தவரை 'பீ' என்றும், இளையவரை 'நோங்' என்றும், தாய் தந்தையரினும் மூத்த பெண்டிரைப் 'பா' என்றும் அழைப்பர். சந்திலுள்ளோர் அனைவர்க்கும் அவர் 'பா'. நம் வழக்கில் சொன்னால் பெரியம்மா.

2011ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் அன்னை வந்து சேர்ந்தார். தந்தையார் மறைந்தபின் மயிலாடுதுறை வீட்டில் தனித்திருந்தவரை வற்புறுத்தியே அழைத்து வந்தோம். "டில்லிக்கே நான் பாஷை தெரியாத ஊமையாத்தான் வந்து போனேன். இப்போ கடலைத் தாண்டி வேற வரணுமா?" என்று கேட்டவர் அவர். சைவ உணவன்றி வேறு தொடாதவர். அங்கோ மீன்சாறு சேராத பண்டம் அரிது. புலால் விலக்குவதைத் தாய் மொழியில் 'மங்சவிரத்' என்பர்; மாமிச விரதியே அது. அதனினும் கடுமையான 'ஜே' நோன்பு ஒன்றுண்டு. புலால், முட்டை, பால் மட்டுமன்றி, பூண்டும் வெங்காயமும்கூட அதில் விலக்கு. ஆண்டுதோறும் சீனக் கணக்கின் ஒன்பதாந் திங்களில் ஒன்பது நாள் நகரெங்கும் மஞ்சட்கொடி கட்டி இந்நோன்பைக் கொண்டாடுவர். நம் நவராத்திரியும் பெரும்பாலும் அந்நாட்களிலேயே வரும். வந்த ஆண்டிலேயே அன்னை அதைக் கண்டுபிடித்துவிட்டார். பாவின் வண்டியில் மஞ்சட்கொடியைக் கண்டு, கொலுவுக்கு வைத்த சுண்டலைக் கிண்ணத்தில் கொண்டுபோய் நீட்டினார். அவரோ காளான் குழம்பை நீட்டினார். இருவருக்கும் பொதுமொழி ஒன்றும் இல்லை. அன்று தொடங்கிய பண்டமாற்று நாலாண்டுகள் நிற்கவில்லை.

பா எங்கள் அன்னையை அழைத்த சொல் 'யாய்'. தாய் மொழியில் அதற்குத் தாய்வழிப் பாட்டி என்று பொருள். நம் சங்க நூல்களிலும் யாய் என்ற சொல் உண்டு. அங்கே அது தாயைக் குறிக்கும். இரு சொற்களுக்கும் உறவு உண்டென்று நாங்கள் வாதிட வரவில்லை; தற்செயலான ஒற்றுமையே. ஆயினும் தமிழில் வழக்கொழிந்த சொல்லொன்றால், தமிழறியாத ஒருவர் எங்கள் அன்னையை நாள்தோறும் அழைக்கக் கேட்டபோது உள்ளம் நெகிழத்தான் செய்தது. அன்னை அவரைத் 'தங்கச்சி' என்றே அழைத்தார்.

மார்கழியில் ஒருநாள் அன்னையைச் சாவோ சிங் சா என்னும் பேரூஞ்சலைக் காண அழைத்துச் சென்றோம். ஊஞ்சலாடும் சடங்கு 1935இல் நின்றுபோயிற்று. செந்நிறத் தேக்குத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. அதன் அருகில் 1784இல் எழுந்த அந்தணர் கோயில் உள்ளது. அங்குள்ள அரசவை அந்தணர் ஆண்டுதோறும் நிகழ்த்தும் விழாவுக்குத் 'திரியம்பவாய் திரிபவாய்' என்று பெயர். திருவெம்பாவையும் திருப்பாவையுமே அவ்வாறு திரிந்து நிற்கின்றன. இதைச் சொன்னதும் அன்னை நெடுநேரம் பேசவில்லை. வீடு திரும்பும் வழியில், "நமக்கு முன்னாடியே நம்ம பாட்டு இங்கே வந்து குடியிருக்கு, நமக்கு என்ன பயம்?" என்றார்.

பயம் வேறு வடிவில் இருந்தது. நீண்ட நாள் அனுமதி பெற்றுத் தங்கும் அயல்நாட்டார், 90 நாட்களுக்கு ஒருமுறை தம் முகவரியைக் குடியேற்ற அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 2,000 பாட் தண்டம். அன்னைக்கு இது விளங்கவேயில்லை. "நான் இருக்கேன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா?" என்று சிரிப்பார். எனினும் சமையலறை நாட்காட்டியில் அடுத்த தொண்ணூறாம் நாளைச் சிவப்பு மையால் வட்டமிடுவது அவர் பொறுப்பாயிற்று. ஒருமுறைகூட அவர் தவறவிட்டதில்லை.

தவறியவர்கள் நாங்களே. 2013இல் அன்னையின் தமக்கையார் காலமானார் என்ற செய்தி நள்ளிரவில் வந்தது. விடியுமுன் விமானம் ஏறினோம். தங்கும் அனுமதி பெற்றவர் இடையில் நாட்டை விட்டு வெளியேறினால், மீண்டும் நுழைவதற்கெனத் தனி அனுமதி முன்னரே பெற்றிருக்க வேண்டும். ஒருமுறைக்கு 1,000 பாட் கட்டணம். அலுவல் நிமித்தம் அடிக்கடி பயணம் செய்ததால் எங்கள் கடவுச்சீட்டில் அது இருந்தது. அன்னையின் கடவுச்சீட்டில் அது இல்லை என்பதை அன்றைய பதற்றத்தில் நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. திரும்பி வந்திறங்கியபோதுதான் அவருடைய அனுமதி நாட்டை விட்டு நீங்கிய கணமே அழிந்துவிட்டது என்று தெரிந்தது. பதினைந்து நாள் சுற்றுலா அனுமதியுடன் உள்ளே விட்டனர். அதன்பின் அவர் சென்னைக்குத் திரும்பி, முதலிலிருந்து எல்லாத் தாள்களையும் திரட்டி, புதிய விசாவுடன் வந்து சேர இரண்டு மாதங்கள் ஆயின. எழுபத்து நான்கு வயதில், தமக்கையை இழந்த துயரோடு, எங்கள் மறதிக்காக அவர் அலைந்த அலைச்சலை இன்று நினைத்தாலும் தலை குனிகிறோம். அவ்விரு மாதங்களும் நாங்கள் வண்டியைக் கடக்கும்போதெல்லாம் பா கேட்ட ஒரே கேள்வி, "யாய்?" என்பதுதான்.

அவ்வாண்டுகளில் ஏப்ரல் 13ஆம் நாள் சோங்கிரான் பண்டிகையன்று, பா மல்லிகை மிதக்கும் நீரைக் கிண்ணத்தில் ஏந்தி வந்து அன்னையின் உள்ளங்கைகளில் வார்த்து வணங்குவார். மூத்தோரிடம் வாழ்த்துப் பெறும் முறை அது. மறுநாள் நம் புத்தாண்டு. அன்னை வேப்பம்பூப் பச்சடி கொண்டுபோய்க் கொடுப்பார். கசப்பைக் கண்டு பா முகஞ்சுளித்ததேயில்லை. வேப்பந்தளிரை அவர்களும் உண்பவர்களே.

2015ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஒரு வியாழன் இரவு, மாரடைப்பினால் அன்னை மருத்துவமனையில் காலமானார். துயரப்படவும் நேரம் இல்லை. இறப்பை 24 மணி நேரத்திற்குள் பதிய வேண்டும். வெள்ளி காலை வட்டார அலுவலகத்தில் பதிந்தோம். சான்றிதழில் ஆண்டு 2558 என்றிருந்தது. பிறகு தூதரகம். அதன்பின் எரியூட்ட இடம் தேடினோம். அங்கே பௌத்த கோயில்களிலேயே எரிகூடங்கள் உள்ளன. மேரு மலையின் பெயரையே அதற்கு இட்டுள்ளனர். ஆனால் வெள்ளிக்கிழமை எரியூட்டமாட்டார்கள். அந்நாளின் பெயரும் சுகம் என்ற சொல்லும் அவர்கள் மொழியில் ஒன்றுபோல் ஒலிப்பதால், இன்பத்திற்குரிய நாளில் ஈமக்கடன் ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. எனவே சனிக்கிழமை. நமக்கோ சனிப்பிணம் தனிப்போகாது என்ற அச்சம். ஊரிலிருந்து தொலைபேசியில் உறவினர் ஞாயிறு வரை காத்திருக்கச் சொல்லினர்; உடன் இருந்த நண்பர்கள் மூன்று நாள் கிடத்துவது முறையன்று என்றனர். செய்வதறியாது வாசற்படியில் அமர்ந்திருந்தோம்.

பா வண்டியை மூடிவிட்டு வந்தார். எங்கள் அரைகுறைத் தாய் மொழியில், சனிக்கிழமையானால் துணைக்குத் தேங்காய் ஒன்றை உடன் அனுப்புவது எங்கள் வழக்கம் என்று சொன்னோம். அவர் சற்றும் வியப்புறவில்லை. எரியூட்டுமுன் இறந்தோர் முகத்தை இளநீரால் கழுவுவது அவர்கள் வழக்கமாம். சனி காலையில் இரண்டு காய்களோடு வந்தார். ஒன்று அவர்கள் முறைக்கு, மற்றொன்று நம் முறைக்கு. நண்பர் ஒருவர் திருவாசகம் ஓத, பா இளநீரை வார்த்தார். நாங்கள் வாய்க்கரிசி இட்டோம். மோட்டார் சைக்கிள்காரர்கள், வெளுப்புக்கார அம்மையார், தையற்காரர் என்று சந்தே திரண்டு வந்து, மெல்லிய மரச்சீவலால் செய்த சந்தனப்பூவை ஒவ்வொருவராய் வைத்து வணங்கினர். அன்று வந்தவருள் நம்மவர் ஒன்பதின்மர். அவர்கள் முப்பதின்மருக்கு மேல். உறவினர் எவரும் இல்லையே என்ற எண்ணம் அன்று எங்களுக்கு எழவில்லை.

அன்னையின் சாம்பலில் ஒரு பகுதியைச் சாவ் பிரயா ஆற்றில் கரைத்தோம். அவர்கள் மொழியில் ஆற்றைக் குறிக்கும் 'மே நாம்' என்ற சொல்லில் 'மே' என்பது தாய், 'நாம்' என்பது நீர். மறுபகுதியைக் காவிரியில் கரைத்தோம். திரும்பி வந்து சமையலறை நாட்காட்டியைப் பார்த்தபோது, அன்னை தம் கையால் வட்டமிட்ட செப்டம்பர் நாள் ஒன்று இருந்தது. அத்தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. இன்று தில்லியில் எங்கள் பூசை அலமாரியில் அது இருக்கிறது.

2017இல் அந்நகரை விட்டுப் புறப்பட்டோம். 'கேக்' என்ற சொல்லில் சிறுமை கண்ட நாங்கள், புறப்படும் நாளில் அதன் நேர்ப்பொருளையே எடுத்துக்கொண்டோம். அரசின் கணக்கில் 90 நாளைக்கு ஒருமுறை கையொப்பமிட்டு இருப்பை மெய்ப்பிக்க வேண்டிய அயலார்தாம் நாங்கள். அது எந்த அரசும் வைக்கும் கணக்கு. சந்து வைத்த கணக்கு வேறாக இருந்தது.

இதை நம் சங்க மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்நகரில் நாம் இன்று வேரூன்றிவிட்டோம். நம் தெரு முனையில் துணி தேய்ப்பவரும், காய்கறி வண்டிக்காரரும், அடுக்ககத்தின் காவலரும் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். திரும்பி வந்த பின்னரே நாங்கள் எண்ணிப் பார்த்தோம்: இருபதாண்டுகளாக எங்கள் துணிகளைத் தேய்த்துத் தரும் அம்மையாரின் ஊர் எது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. சென்ற நவராத்திரியில் அவரைக் கொலுவுக்கு அழைத்தோம். ஊர் பீகாரில் மதுபனி என்றார். சுண்டலை வாங்கிக்கொண்டு, மறுநாள் தம் வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் இனிப்புக் கொண்டுவந்து தந்தார்.