கண்ணாடி இல்லாத கேமரா

தாராசுரத்தில் பிறந்த அந்தத் தாயாருக்கு இப்போது வயது 88. முழங்கால் வலியால் பயணம் இயலாது. ஐராவதேசுவரர் கோயிலை மீண்டும் ஒருமுறை காணவேண்டும் என்பதே அவருடைய ஏக்கம். அதற்காகவே மகன் புதிய மிரர்லெஸ் கேமராவுடன் அங்கு சென்றார்.

பழைய கேமராவில் உள்ளிருக்கும் கண்ணாடி, காட்சியை நேரே கண்ணுக்கு அனுப்பும். புதியதில் அக்கண்ணாடி இல்லை. சென்சாரில் விழும் பிம்பமே சிறு திரையில் தெரிகிறது. முதலில் அது அந்நியமாகத் தோன்றியது. படத்தின் வெளிச்சம் எவ்வாறு அமையும் என்பதைப் பொத்தானை அழுத்துமுன்பே அத்திரை காட்டுவதை உணர்ந்தபின் கை பழகியது. நண்பகலுக்குள் ஒரு பேட்டரி தீர்ந்தது.

கருவறையின் முன் கேமராவைப் பையில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அக்கோயிலின் தேர் வடிவ மண்டபத்தையும் கற்சக்கரத்தையும் வெளியே நின்று படமெடுத்தார்.

வீடு திரும்பி, ரா கோப்புகளைக் கணினியில் திறந்து நிறங்களைக் கூட்டினார். கல் பொன்னாயிற்று, வானம் நீலமணியாயிற்று. தாயார் உற்று நோக்கி, "ஏம்ப்பா, இது எந்த ஊர்க் கோயில்?" என்றார்.

மகன் தலைகுனிந்தார். நல்லவேளை, மூலக்கோப்பு மாறாமல் இருந்தது. கூட்டிய நிறங்களை நீக்கி, நிழலில் மறைந்த சிற்பங்களை மட்டும் சற்றே தெளிவாக்கினார்.

"இந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் எங்கம்மா எனக்குத் தலை பின்னிவிடுவாள்" என்று கூறிய தாயார், திரையை நோக்கிக் கரம் குவித்தார்.

திருக்கோயிலுக்கு நாம் கூட்டவேண்டிய அழகு ஏதுமில்லை. உள்ளதை மறைக்காமல் காட்டினாலே போதும்.