காது கற்றது போதாது

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பக்கம் யாரையாவது நிறுத்தி எத்தனை மொழி தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். "தமிழ் மட்டும்தாங்க" என்பார்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் எதிர்க்கடைக்காரரிடம் மலையாளத்தில் பேரம் பேசப் போய்விடுவார்கள். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு மலையேறும் பெண்கள் யாரும் மலையாள வகுப்பில் உட்கார்ந்ததில்லை. சூப்பர்வைசர் திட்டியும் கூட வேலை செய்பவர்கள் சிரித்தும் வந்த மொழி அது. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலும் கோவிந்தாபுரத்திலும் இதே கதைதான். அட்டப்பாடியில் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டில் இருள மொழி, சந்தையில் தமிழ், ஆபீஸில் மலையாளம் என்று வாழ்கிறவர்கள் உண்டு.

இந்த மண்ணில் பழகிய காதோடுதான், நாற்பதைத் தாண்டிய பிறகு, தாய்லாந்து மொழியைப் படிக்கத் தொடங்கினேன். காது நிறையவே கைகொடுத்தது. குறிலும் நெடிலும் பொருளை மாற்றிவிடும் மொழி அது. நமக்கு அதில் சிரமம் இல்லை. நாம் அரிச்சுவடியோடு விட்டுவிட்ட ங, ஙா, ஙி எல்லாம் அங்கே சொல்லின் முதலிலேயே வந்து நிற்கின்றன. சிக்கல் சொல்லின் முடிவில்தான். பஸ்ஸைப் பஸ்ஸு ஆக்கும் நாக்கு நம்முடையது. அவர்களோ கடைசியில் வரும் க், த், ப் மூன்றையும் வெளியே விடாமல் விழுங்கிவிடுகிறார்கள்.

காது உண்மையில் திணறியது ஐந்து தொனிகளில். ஏற்றியும் இறக்கியும் சொல்வதில் பொருளே மாறிவிடுகிறது. அங்கே உதவிக்கு வந்தது எழுத்து. மெய்யெழுத்துகள் 44, அவை குறிக்கும் ஒலிகளோ 21தான். எதற்கு இந்த வீண் சுமை என்று முதலில் தோன்றும். ஆனால் அது வீணல்ல; மெய்களை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த வகுப்பு மெய், உயிர் குறிலா நெடிலா, சொல் எதில் முடிகிறது, மேலே தொனிக்குறி உண்டா என்று பார்த்தால் தொனி தெரிந்துவிடும். காதுக்குப் பிடிபடாததைக் கண் காட்டிக்கொடுக்கிறது. அந்த எழுத்தும் கெமர் வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து போனதுதான். மெய்க்கு முன்னாலும் பின்னாலும் உயிர்க்குறி நிற்பது, 'கொ' எழுதிப் பழகிய கைக்குப் புதிதல்ல.

தாய்லாந்தின் தகுவா பா பகுதியில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே வெட்டிய ஒரு குளத்தையும், அதற்குக் காவலாக மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவையும் அது குறிப்பிடுகிறது. அந்த வணிகர்கள் ஊர்ச்சந்தையில் அந்நாட்டு மொழி பேசித்தான் பிழைத்திருப்பார்கள். பேசியது காற்றோடு போயிற்று; பொறித்தது மட்டும் நின்றது.

வயதானால் மொழி வராது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்க அரசு தன் தூதரக ஊழியர்களுக்கு மொழி கற்பிக்கும் நிலையம், தாய்லாந்து மொழிக்கு 1,100 மணி நேர வகுப்பு வேண்டும் என்கிறது. தமிழுக்கும் அதே கணக்குத்தான். அங்கே படிப்பவர்கள் எல்லாரும் வேலைக்கு வந்த பெரியவர்கள். கேரளத்திலேயே, வெளிநாட்டு வேலைக்கு உதவும் அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸின் 'டிரிபிள் வின்' திட்டத்தில் செவிலியர்கள் ஜெர்மன் படித்து, பி1 நிலைத் தேர்வு எழுதி ஜெர்மனிக்குப் போகிறார்கள். ஆக, வயது தடையில்லை. உட்கார்ந்து எழுதிப் படிக்க நேரம்தான் வேண்டும்.

கேரளத்தின் எழுத்தறிவு இயக்கமான சாக்ஷரதா மிஷன், பேச்சோடு எழுத்தும் வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு 2017-இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' திட்டத்தைத் தொடங்கியது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் எழுதவும் படிக்கவும் சொல்லிக்கொடுக்கும் திட்டம் அது. பாடநூலின் பெயர் 'ஹமாரி மலையாளம்'. நேற்று வந்தவர்களுக்கு எழுத்து கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாக மலையாளம் பேசும் நம் அக்காக்களோ பஸ் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறார்கள். தமிழே போதாதா என்று கேட்கலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடம் தந்தது. அந்த உரிமையை விடக் கூடாது. ஆனால் மலையாளத்தில் ஒரு காகிதம் வந்தால் அதைப் படிக்க இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்கவும் கூடாது.

ஜெர்மனோ தாய்லாந்து மொழியோ படிக்கக் கிளம்பும் எல்லையோரத்துத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். முதலில் உங்கள் வாயில் இருக்கும் மலையாளத்துக்கு எழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சொற்கள் ஏற்கெனவே தெரியும் என்பதால் சில வாரங்களில் வந்துவிடும். புது எழுத்தைக் கண்டு மிரளாத பழக்கமும் அதோடு வரும். அப்படியே வீட்டில் இருக்கும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.