தோலைப் பார்த்து வாங்குங்கள்

மீன் விஷயத்தில் எனக்கு ஒரு பவிசு இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் வஞ்சிரம்தான், அதுவும் வட்டத் துண்டு. பாறையெல்லாம் விருந்தாளிக்கு வைக்கிற மீனா என்று நினைத்த ஆள் நான். அந்தப் பவிசை இறக்கியது ஒரு மே மாதமும், நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அக்காவும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்று வைத்த தடை. வஞ்சிரம் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஃபைபர் படகுகளுக்குத் தடையில்லை. அதில் வந்த பாறை ஒன்றைத் தூக்கிக் காட்டினார் அக்கா. "தூண்டில் மீனு தம்பி, தோலப் பாரு."

செதில் பிசகாமல் வெள்ளிப் பளபளப்பு அப்படியே இருந்தது. வாயோரம் முள் குத்திய சின்னக் கிழிசல், அவ்வளவுதான். இழுவைமடியில் மற்ற மீன்களோடு நசுங்கி வருவது இப்படி இருக்காது; செதில் உதிர்ந்து, தோல் வெளிறியிருக்கும். அந்த மடியில் விரல் நீளக் குஞ்சுகளும் சேர்ந்து வரும். அவை சங்காயம் என்று கழிக்கப்பட்டுக் கோழித்தீவனத்துக்குப் போகும். தூண்டிலுக்கு அந்தப் பாவம் குறைவு.

தோலுரித்த ஃபில்லெட்டில் இதெல்லாம் எங்கே தெரியும்? எந்த மீன் என்பதே தெரியாது. உறைந்த பாசாவை வேறு பெயர் சொல்லி விற்றாலும் வாங்கிக்கொண்டு வருவோம். அதனால் இப்போது முழு மீனைப் பார்த்து, கண்ணெதிரே வெட்டச் சொல்கிறேன்: செதில் எடுத்து, நடுமுள் நீக்கி, இரு பக்கமும் தோலோடு. பாறைக்கு வால் பக்கம் ரம்பம் மாதிரி ஒரு முரட்டுச் செதில் வரிசை ஓடும். அதைச் சீவச் சொல்ல மறந்தால் வாயில் குத்தும்.

கரி அடுப்பில் சுடும்போது நம் வறுவல் பழக்கம் காலை வாரிவிடும். மசாலாவைக் குழைத்து இருபுறமும் அப்பினால், தோல் வேகுமுன் மிளகாய்த்தூள் கருகி, கம்பியில் ஒட்டிப் பிய்ந்துவரும். உப்பை மட்டும் தடவிக் கால் மணி நேரம் வைத்து, கசிகிற நீரைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தோலில் ஈரமே இருக்கக் கூடாது. லேசாக நாலு கீறல் போட்டு, எண்ணெயை மீனில் தடவி, நன்றாகக் காய்ந்த கம்பிமேல் தோல் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். வைத்ததும் துண்டு வளையப் பார்க்கும். தோசைத் திருப்பியால் சில நொடி அழுத்திப் பிடித்தால் அடங்கும். அப்புறம் கை வைக்கவே கூடாது. ஓரத்திலிருந்து சதை வெளுத்துக்கொண்டே மேலேறும். முக்கால்வாசி ஏறியதும் தோல் தானாகவே கம்பியை விட்டுவிடும். மறுபுறம் அரை நிமிடம் போதும். மிளகுத்தூளும் எலுமிச்சையும் தட்டுக்கு வந்த பிறகுதான்.

மொறுமொறுவென்று இருக்கும் அந்தத் தோலுக்கு இப்போது வீட்டில் அடிதடி. வஞ்சிரத்தை நான் விட்டுவிடவில்லை, அவ்வளவு பெரிய துறவியும் இல்லை. ஆனால் முழ நீளம்கூட இல்லாத குட்டி வஞ்சிரத்தைத் தொடுவதில்லை. ஒருமுறைகூட முட்டையிடாத மீன் அது.

அடுத்த முறை மீன் வாங்கப் போனால் "புதுசா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பழசு என்று எந்த மீன்காரர் சொல்லியிருக்கிறார்? "தூண்டிலா, மடியா?" என்று கேளுங்கள்.