ஓட்டக் கணக்கும் வளர்ச்சிக் கணக்கும்

விளையாட்டுத் திடலில் நடுவரினும் கண்டிப்பானது ஓட்டப்பலகை. அஃது எவர்மீதும் இரக்கம் கொள்வதில்லை. எவரையும் வேண்டுமென்றே தாழ்த்துவதுமில்லை. நிகழ்ந்ததை எண்ணாக எழுதிக் காட்டிவிட்டு வாய்மூடி நிற்கும். அந்த எண்ணுக்குப் பொருள் காணும் பொறுப்பு பார்ப்பவர்களுடையது.

2025ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21ஆம் நாள், கிள்ளான் பண்டமாரானிலுள்ள பாயுமாஸ் திடலில் ஓட்டப்பலகை காட்டிய எண் 31. பத்தொன்பது வயதுக்குட்பட்ட மகளிருக்கான உலகக் கிண்ண இருபது ஓவர் கிரிக்கெட் போட்டியில், இந்திய அணிக்கெதிராக மலேசிய அணி எடுத்த மொத்த ஓட்டங்கள் அவ்வளவே. 87 பந்துகளுக்குள் பத்து விக்கெட்டுகளும் வீழ்ந்தன. உலகக் கிண்ணத்தில் முதன்முறையாகப் பந்து வீசிய வைஷ்ணவி சர்மா ஐந்தே ஓட்டங்கள் கொடுத்து ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தார். அவற்றுள் மூன்று, அடுத்தடுத்த மூன்று பந்துகளில் வீழ்ந்தவை. வெற்றிக்கு வேண்டிய ஓட்டங்களை இந்திய அணி 17 பந்துகளில் எடுத்து முடித்தது. உணவு இடைவேளைக்குச் சென்றவர் திரும்பி வருவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

இத்தகைய தோல்வியைக் கண்டவுடன் எழும் கேள்வி ஒன்றுண்டு. இவ்வளவு பின்தங்கிய அணி உலகக் கிண்ணத்தில் ஏன் இறங்க வேண்டும்? போட்டியை ஏற்று நடத்தும் நாடு என்பதனால் கிடைத்த இடம், அப்பெண்களுக்குப் பெருமையா, சிறுமையா? இக்கேள்வியைத் தீய எண்ணத்தோடு கேட்பவர் சிலர்; இளம் பெண்களின்பால் கொண்ட பரிவினால் கேட்பவர் பலர். ஆதலின் அதனை எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று.

முதற்கண் இப்போட்டி இன்னது என்பதைச் சற்றே காணுதல் வேண்டும். 2023ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் முதன்முறையாக நடைபெற்ற இவ்வுலகக் கிண்ணத்தின் இரண்டாம் அரங்கேற்றம் 2025ஆம் ஆண்டு ஜனவரி 18 முதல் பிப்ரவரி 2 வரை மலேசியாவில் நிகழ்ந்தது. பதினாறு நாடுகள் கலந்துகொண்டன. கிள்ளான், பாங்கி, ஜொகூர், சரவாக் ஆகிய இடங்களில் ஆட்டங்கள் நடைபெற்றன. மலேசியா, நேப்பாளம், நைஜீரியா, சமோவா ஆகிய நான்கு நாடுகளும் இக்கிண்ணத்துக்குப் புதியவை.

மகளிர் கிரிக்கெட் என்றதும், ஆடவர் ஆட்டத்தின் நிழலாகப் பின்னாளில் தோன்றியது என்று எண்ணுவோர் இன்றும் உளர். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. கிரிக்கெட்டில் முதல் உலகக் கிண்ணத்தை ஆடியவர்கள் பெண்களே. அஃது 1973ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்தது. ஆடவர் உலகக் கிண்ணம் 1975இல்தான் வந்தது. இருபது ஓவர் ஆட்டத்திலும் அதே கதைதான். 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் இங்கிலாந்து, நியூசிலாந்து மகளிர் அணிகள் நாடுகளுக்கிடையிலான முதல் இருபது ஓவர் ஆட்டத்தை ஆடின. ஆடவர் அதனை ஆடியது மறு ஆண்டு பிப்ரவரியில். 2009ஆம் ஆண்டில் மகளிருக்கான இருபது ஓவர் உலகக் கிண்ணம் தொடங்கியது. பதினோராண்டு கழித்து, 2020ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், அனைத்துலக மகளிர் தினத்தன்று, மெல்பர்ன் திடலில் ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் மோதிய இறுதி ஆட்டத்தைக் காண 86,174 பேர் திரண்டனர். வழி திறந்தவர்கள் பெண்கள். கூட்டம் வந்து சேரத்தான் காலம் பிடித்தது.

இக்குறுகிய ஆட்டமுறை பெண்களின் வளர்ச்சிக்குத் துணைபுரிந்ததற்குத் தக்க காரணங்கள் உள்ளன. ஓர் அணிக்கு 120 பந்துகள். ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். பள்ளிப் படிப்பும் வீட்டுப் பொறுப்பும் உள்ள பெண்ணுக்கு ஐந்து நாள் ஆட்டத்தைவிட இஃது எட்டக்கூடியது. மேலும், ஒருவர் நான்கு ஓவர்களுக்கு மேல் பந்து வீசுதல் ஆகாது என்பது விதி. ஆகவே ஒரே வீராங்கனையை நம்பி ஓர் அணி நிற்க இயலாது. குறைந்தது ஐவரையேனும் பந்துவீச்சில் பயிற்றியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டம் குறுகக் குறுக எளியவருக்கு வாய்ப்புப் பெருகுகிறது. நீண்ட ஆட்டத்தில் வலிமையுடையோர் செய்யும் தவற்றைத் திருத்திக்கொள்ள நேரம் உண்டு. குறுகிய ஆட்டத்தில் இரண்டு நல்ல ஓவர்கள் முடிவையே மாற்றிவிடும்.

இதற்குச் சான்று சரவாக்கில் கிடைத்தது. ஜனவரி 20ஆம் நாள் மழையின் காரணமாக நைஜீரியா, நியூசிலாந்து ஆட்டம் அணிக்குப் பதின்மூன்று ஓவர்களாகக் குறைக்கப்பட்டது. நைஜீரியா 6 விக்கெட்டுகளை இழந்து 65 ஓட்டங்கள் எடுத்தது. எதிரே நின்றது எளிய நாடன்று. அதற்கு மூன்று திங்களுக்கு முன்னர், 2024ஆம் ஆண்டு அக்டோபரில், துபாயில் மூத்த மகளிருக்கான உலகக் கிண்ணத்தை வென்ற நாடு நியூசிலாந்து. கடைசி ஓவரில் அவ்வணிக்கு 9 ஓட்டங்கள் தேவைப்பட்டன. பந்து வீசிய லில்லியன் உடே ஆறு ஓட்டங்களே கொடுத்தார். நியூசிலாந்து 63 ஓட்டங்களில் நின்றது. இரண்டு ஓட்டங்களில் நைஜீரியப் பெண்கள் வென்று, திடலில் ஆடிப் பாடி மகிழ்ந்தனர்.

எனினும் இவ்வெற்றியை மட்டும் எடுத்துக்கூறி மற்றதை மறைத்தல் நேர்மையாகாது. அதே நாளில், அதே சரவாக் திடலில், நைஜீரியாவைப் போலவே புதிதாக வந்த சமோவா, தென்னாப்பிரிக்காவுக்கெதிராக 16 ஓட்டங்களில் சுருண்டது. ஒரே திடல், ஒரே நாள், ஒரே விதி. ஓரணி வரலாறு படைத்தது, மற்றோரணி தலைகுனிந்தது. குறுகிய ஆட்டம் வாயிலைத் திறந்துவிடும். உள்ளே நடந்து செல்லும் கால்களை அது தர இயலாது. அக்கால்களைத் தருவது பயிற்சியும் ஆண்டுகளும்.

இதனை மேலும் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி ஒன்று இம்மலேசிய மண்ணிலேயே முன்னர் நடந்துள்ளது. 2018ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மகளிர் ஆசியக் கிண்ணப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. அதற்கு முந்திய திங்களில்தான் வங்காளதேச மகளிர் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று ஆடிய ஆட்டங்கள் அனைத்திலும் தோற்றுத் திரும்பியிருந்தனர். ஆசியக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலும், ஜூன் 3ஆம் நாள், இலங்கைக்கு எதிராக 63 ஓட்டங்களில் வீழ்ந்தனர். அன்று ஓட்டப்பலகையை மட்டும் பார்த்தவர், இவர்கள் மூட்டை கட்ட வேண்டியவர்கள் என்றே முடிவு செய்திருப்பார்.

ஏழு நாள் கழிந்தது. ஜூன் 10ஆம் நாள் கின்ராரா திடலில் இறுதி ஆட்டம். அதுவரை நடந்த ஆறு ஆசியக் கிண்ணங்களையும் வென்றிருந்த இந்தியா 112 ஓட்டங்கள் எடுத்தது. கடைசிப் பந்தில் வங்காளதேசத்துக்கு இரண்டு ஓட்டங்கள் தேவை. ஜகனாரா ஆலம் பந்தைத் தட்டிவிட்டு ஓடினார். இரண்டாம் ஓட்டத்தையும் முடித்தார். கிண்ணம் கைமாறியது. வங்காளதேச ஆடவர் அணி அதுவரை தொட்டறியாத ஆசியக் கிண்ணத்தை அந்நாட்டுப் பெண்கள் ஏந்திச் சென்றனர்.

அதே போட்டியில் மலேசிய மூத்த மகளிர் அணியும் ஆடியது. இந்தியாவுக்கு எதிராக அது எடுத்த ஓட்டங்கள் 27. வங்காளதேசத்தின் 63 ஒரு வாரத்தில் வெற்றியாக மலர்ந்தது. மலேசியாவின் 27 அவ்வாறு மலரவில்லை. காரணம் என்ன? வங்காளதேச மகளிர் 2011ஆம் ஆண்டிலேயே ஒருநாள் ஆட்டத்துக்கான அனைத்துலகத் தகுதியைப் பெற்றவர்கள். அவர்களுடைய 63, ஓடத் தெரிந்தவர் கால் இடறி விழுந்தது. மலேசியாவின் 27, நடக்கப் பழகும் குழந்தை விழுந்தது. இரண்டும் விழுதலே, ஆனால் எழுவதற்கு ஆகும் காலம் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை அறியாதவர், இடறியவரையும் இகழ்வர், பழகுபவரையும் இகழ்வர்.

இனி 2025ஆம் ஆண்டுக்கு மீள்வோம். மலேசிய இளம் பெண்கள் முதற்சுற்றில் ஆடிய ஆட்டங்கள் மூன்று. ஜனவரி 19இல் இலங்கையை எதிர்த்து 23 ஓட்டங்கள். 21இல் இந்தியாவை எதிர்த்து 31. 23இல் மேற்கிந்தியத் தீவுகளை எதிர்த்து 59. மூன்றிலும் தோல்விதான். செய்தித்தாளின் வெற்றிப் பட்டியலில் அவ்வணியின் பெயருக்கு நேரே சுழியம்தான் நின்றது. ஆயினும் வகுப்பறையில் விடைத்தாள் திருத்திப் பழகிய கண் இவ்வெண்களை வேறு விதமாகப் படிக்கும். முதல் தேர்வில் 23, இரண்டாவதில் 31, மூன்றாவதில் 59 பெற்ற மாணவியை எந்த ஆசிரியரும் மக்கு என்று ஒதுக்கிவிடுவதில்லை. எதிரணிகள் வெவ்வேறானவை என்பதும், மூன்று ஆட்டங்களைக் கொண்டு பெரிய முடிவுக்கு வருதல் பொருந்தாது என்பதும் உண்மையே. எனினும், 23 ஓட்டங்களில் வீழ்ந்த பெண்கள் இரண்டு நாள் கழித்து அதே சட்டையை அணிந்து அதே மக்கள் முன் மறுபடியும் மட்டையேந்தி வந்தார்கள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. மதிப்பெண் பட்டியலில் ஏறாத அத்துணிவே கல்வியின் தொடக்கம்.

தமிழ்ச் சமுதாயம் இங்கே சற்று நின்று எண்ண வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே போட்டியின் அரையிறுதியில், இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 56 ஓட்டங்கள் எடுத்து இந்தியாவை இறுதிக்குக் கொண்டு சென்றவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜி. கமலினி. பிப்ரவரி 2ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 82 ஓட்டங்களுக்குள் அடக்கி, கொங்காடி த்ரிஷாவின் ஆட்டத்தால் ஒன்பது விக்கெட் வேறுபாட்டில் இந்தியா கிண்ணத்தை வென்றது. தமிழர் நிறைந்து வாழும் கிள்ளானில் ஒரு தமிழ்ப் பெண் கிண்ணம் வென்ற அணியில் நின்றாள் என்பது மகிழத்தக்கதே. மலேசிய மண்ணிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தில் மலேசிய மகளிர் அணிக்குத் தலைமையேற்றவர் வினிஃப்ரெட் துரைசிங்கம்.

ஆனால் பிறர் மகள் கையில் மட்டையைக் கண்டு மகிழும் உள்ளம், தன் மகள் கையில் அதனைக் காண விரும்புகிறதா? தமிழ்ப்பள்ளிப் போட்டி விளையாட்டு நாளில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி காற்றெனப் பறப்பாள். பெற்றோர் கைதட்டுவர். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் அவள் ஓட்டம் மெல்ல நின்றுவிடும். வெயிலில் நின்றால் நிறம் கறுத்துவிடும் என்பாள் பாட்டி. வயதுக்கு வந்த பெண்ணுக்குத் திடலில் என்ன வேலை என்பார் மாமா. தேர்வு நெருங்குகிறது என்பார் தந்தை. ஓடிய பெண், பிறர் ஓடுவதற்கு நேரம் குறிப்பவளாக நிழலில் அமர்ந்துவிடுவாள். அவளை எவரும் வெளியேற்றவில்லை; எவரும் தங்கச் சொல்லவுமில்லை.

பெற்றோரை மட்டும் குறைகூறுவது அறமாகாது. தோட்டப்புற வாழ்வில் லயத்து வீடுகளின் கண்பார்வையிலேயே திடல் இருந்தது; விளையாடும் பிள்ளையை வாசலில் நின்றே தாய் பார்த்துக்கொள்ளலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தபின் திடல் தொலைவாயிற்று. அந்திப் பொழுதில் வயதுப் பெண் தனியே பேருந்துக்கு நிற்பதை எண்ணி அஞ்சும் தாயின் அச்சம் பொய்யன்று. அவ்வச்சத்தை மேடைப் பேச்சு நீக்காது. பயிற்சி முடியும்வரை உடனிருக்கும் ஆசிரியை ஒருவர், பெண்களைச் சேர்த்து வீடு கொண்டுவிடும் ஒரு பள்ளி வேன், வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகள் ஆகியவையே அதனை நீக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு இஃது எட்டாத செலவன்று. பரிசளிப்பு விழாவின் பந்தலுக்கும் மாலைக்கும் ஆகும் தொகையில் ஒரு பகுதியே போதும்.

ஒவ்வொரு பள்ளியும் ஒரு கமலினியை ஈன்றளிக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. மட்டையேந்தும் பெண்களுட் பெரும்பாலோர் எந்தக் கிண்ணத்தையும் தொடமாட்டார்கள். அவர்களுள் ஒருத்தி செவிலியாகலாம், ஒருத்தி கணக்காளராகலாம், ஒருத்தி நான்கு பிள்ளைகளுக்குத் தாயாகலாம். வாழ்க்கை அவர்களையும் ஒருநாள் 23 ஓட்டங்களில் வீழ்த்தும். அன்று, இரண்டு நாள் கழித்து மறுபடியும் களத்துக்கு வரவேண்டும் என்பதை அவர்கள் எங்கே கற்றிருப்பார்கள்? நூலில் படித்து அறிவது ஒரு வகை. வியர்வையில் நனைந்து அறிவது மற்றொரு வகை. பின்னதைக் கற்பிக்கும் பள்ளி திடலே. ஆண் பிள்ளைகளுக்கு அப்பள்ளியின் கதவு என்றும் திறந்தேயிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கோ பதின்மூன்று வயதில் அது சாத்தப்படுகிறது. அக்கதவை இன்னும் சில ஆண்டுகள் திறந்து வைப்பது பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து செய்யக்கூடிய செயல். அதற்கு நாளைக்கென்று காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே தொடங்கலாம்.