போர்டைப் பார்த்தவன்

முப்பது வருஷம் புரூஃப் பார்த்ததில் எனக்கு மிச்சம் கொஞ்சம் பி.எஃப். பணம், சோடா புட்டிக் கண்ணாடி, அப்புறம் ஒரு வியாதி. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மாப்பிள்ளை பெயர் கண்ணில் படாது. 'முகூர்த்தம்' என்பதில் விட்டுப்போன 'ர்'தான் படும்!

போன மார்கழியில் மதுரைக்குப் போனவனை, மைத்துனன் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். மேலூர் தாண்டி, திருப்பத்தூர் ரோட்டில் சுமார் 50 கி.மீ. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம். 1977-ல் சரணாலயமானது.

வழியில் ஒரு டீக்கடை போர்டு. 'குழிர்பானம் கிடைக்கும்.' குளிர் எப்படிக் குழியில் விழுந்தது என்று நான் சிரித்துக்கொண்டிருந்தபோது மைத்துனன் தோளைத் தட்டினான்.

"அத்தான், பாத்தீங்களா? தலைக்கு மேல நூறு நாரையாவது போச்சு!"

நான் எங்கே பார்த்தேன்?

கண்மாய்க் கரையில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் துணைக்கு வந்தார். ரகசியம் மாதிரியே பேசினார்.

"தொண்டை சரியில்லையா ஐயா?"

"நல்லாத்தான் இருக்கு. இங்கன இப்படியே பேசிப் பழகிருச்சு."

கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி கிடையாது. பல வருஷமாகவே இப்படித்தான். கல்யாணம், கோயில் விசேஷம் எதற்கும் அதிர்வேட்டு இல்லை. வனத்துறை தீபாவளிக்கு இனிப்பு கொடுக்கிறது.

"சின்னப் பசங்க ஒத்துக்குவாங்களா?"

"ஆசையிருந்தா மாமன் ஊருக்குப் போயி வெடிச்சிட்டு வருவான். இங்க வெடிச்சா தாய்ப்பறவை மிரண்டு எந்திரிக்கும். குஞ்சு கீழ விழுந்துரும்ல?"

சட்டென்று காதைத் திருப்பினார். "அந்தா, மூணாவது கருவை மரத்துல குஞ்சு இரை கேக்குது."

எனக்குக் கேட்டது தூரத்து பஸ் ஹாரன் மட்டும்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நத்தைகொத்தி நாரை. மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல், பாக்குவெட்டி மாதிரி ஒரு சந்து. நத்தை தின்ன அந்த வாட்டம்.

"குஞ்சுக்கு அலகு ஒட்டித்தான் இருக்கும். வளர வளரத்தான் இந்தச் சந்து விழும்," என்றார் பெரியவர்.

எனக்கு ஏனோ மகள் ஞாபகம் வந்தது. கல்யாணமாகிப் புனே போன புதிதில் வாட்ஸப்பில் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருந்தாள். 'ஒருமை பன்மை இடிக்கிறது. மூன்று இடத்தில் சந்திப்பிழை' என்று பதில் போட்டேன். தனியாக உட்கார்ந்து அழுததாக அதில் அவள் எழுதியிருந்தது, பிற்பாடு மனைவி படித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதிலிருந்து எனக்கு வருவதெல்லாம் கட்டைவிரல் படம்தான்.

செல்போனை எடுத்தேன். மரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே தட்டித் தட்டி அவளுக்கு நாலு வரி அனுப்பினேன்.

இரண்டு நிமிஷத்தில் பதில்.

'அப்பா! பரவைன்னா கடல். அது பறவை!'

கீழேயே இன்னொன்று. 'கூட்டுல குஞ்சு எத்தனைப்பா?'

எண்ணவில்லையே! பெரியவர் அதற்குள் கரையில் பாதி தூரம் போயிருந்தார். கூப்பிட வாயெடுத்து, அப்படியே மூடிக்கொண்டு, அவர் பின்னாலேயே ஓடினேன்.