விசில் ஊதியவர் கணக்கு

கால்பந்து சீசன் பாதியில் நின்றால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கப் யாருக்கு?" 2020-ல் இங்கிலாந்திலும் அதைத்தான் கேட்டார்கள். கொரோனாவால் மார்ச் 13-ஆம் தேதி ஆட்டங்கள் நின்றன. ஜூன் 17-ல் பிரீமியர் லீக் மறுபடி ஆரம்பித்தது. லிவர்பூல் கப் வாங்கியது. நாமும் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனோம்.

அடிமட்டத்தில் நடந்தது வேறு கதை. மார்ச் 26-ஆம் தேதி இங்கிலாந்து கால்பந்து சங்கம் கீழ்நிலை லீக்குகளின் சீசனை முடித்து, அதுவரை வந்த ரிசல்ட்டுகளையே அழித்துவிட்டது. 12 புள்ளி முன்னிலையில் இருந்த சவுத் ஷீல்ட்ஸ், ஆடிய 27 லீக் ஆட்டங்களையும் ஜெயித்திருந்த ஜெர்சி புல்ஸ், இரண்டுக்கும் அந்த வருடம் பிரமோஷன் இல்லை. பாவம்தான். அவர்களைப் பற்றி நிறைய படித்தேன். அந்த ஆட்டங்களில் விசில் ஊதியவர்களைப் பற்றித்தான் ஒன்றும் கண்ணில் படவில்லை.

நான் பி.காம். மாணவன், புத்தி கணக்கில்தான் போகும். அடிமட்ட நடுவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. அங்கே 14 வயதிலேயே நடுவர் ஆகலாம், அதனால் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. உடுப்பு, ஷூ, வருடாந்திரப் பதிவு எல்லாம் முன்பே செய்த செலவு. ஆட்டம் நின்றால் வரவு பூஜ்யம், செலவு செலவுதான்.

அட்டவணையைப் பாருங்கள். 14 அணிகள் இரண்டு சுற்று ஆடினால் 182 ஆட்டங்கள். நேரம் இல்லை என்று ஒரு சுற்றாகக் குறைத்தால் 91. நடுவர்களின் வருமானமும் சரிபாதி. குறைக்காமல் நெருக்கி ஆடினால் வேறு தலைவலி. சனிக்கிழமை 7 ஆட்டம், புதன்கிழமை 7 ஆட்டம் என்றால் வாரத்துக்கு 14 முறை நடுவர் வேண்டும். புதன்கிழமை அவர்களுக்கு வேலை இருக்கும். விளக்கு இல்லாத மைதானத்தில் மார்ச் கடைசி வரை சாயங்காலம் ஆட வெளிச்சம் போதாது. அப்புறம் கிரிக்கெட் சீசன் வந்துவிடும், மைதானம் பல இடங்களில் கைமாறிவிடும்.

இது இங்கிலாந்துக் கதை மட்டுமா? எங்கள் கல்லூரி டிபார்ட்மென்ட் போட்டியில் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் மூன்று ஆட்டங்களையும் ஒரே நடுவர் தலையில் கட்டினார்கள். நான் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஆட்டத்தில் அண்ணனால் ஓட முடியவில்லை. தூரத்தில் இருந்தே பெனால்டி கொடுத்தார். பையன்கள் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அவர் தண்ணீர் குடித்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் கூப்பிட்டபோது, "வேணாம் தம்பி" என்று போனை வைத்துவிட்டார்.

என்னைக் கேட்டால் உண்மையான நஷ்டம் இதுதான். அழிந்த புள்ளிகளை அடுத்த சீசனில் திரும்ப எடுக்கலாம். போன நடுவர் திரும்ப வருவது சந்தேகம். நடுவர் இல்லாவிட்டால் அட்டவணை வெறும் காகிதம்.

கணக்குப் பதிவியலில் வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்று ஒன்று படிக்கிறோம், நஷ்டம் வரும் முன்பே கொஞ்சம் எடுத்து வைப்பது. லீக்குகளும் நுழைவுக் கட்டணத்தில் சிறு பங்கை அப்படி ஒதுக்கலாம். கடைசி நேரத்தில் ஆட்டம் ரத்தானால் நடுவருக்குப் பாதிக் கூலியாவது போகட்டும். அட்டவணை போடும்போது மைதானம் காலியா என்று கேட்பதற்கு முன்னால், நடுவர் வர முடியுமா என்று ஒரு போன் போடுங்கள். அதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது.