பறந்து வந்த பிள்ளை!

தீபாவளிக்கு நாலு நாள் இருக்க, சென்னை ஆபீஸில் இருந்தபோது ராஜபாளையத்திலிருந்து அம்மாவின் போன். அப்பாவை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு ஆபரேஷன்.

பொதிகை எக்ஸ்பிரஸ் வெயிட்டிங் லிஸ்ட் ராஜபாளையம் வரைக்கும் நீளும் போலிருந்தது. பஸ், மதுரை ஃப்ளைட் எல்லாம் ஃபுல்.

''சார்ட்டர் ஃப்ளைட் எடுத்துருங்க சார்! 2021 மே மாசம் மதுரை ஜோடி ஒண்ணு ப்ளேனையே வாடகைக்குப் பிடிச்சு, நடுவானத்துல தாலி கட்டிக்கலையா?'' என்றார் பக்கத்து சீட்காரர். கட்டினார்கள்தான். கொரோனா காலத்தில் மாஸ்க் இல்லாமல் கூட்டம் போட்டதற்கு விசாரணையும் வந்ததே!

சும்மா கேட்டு வைப்போமே என்று ஒரு கம்பெனிக்குப் போன் போட்டேன்.

''எத்தனை பேர் சார்?''

''ஒருத்தர்தான்.''

''லக்கேஜ்?''

''ஒரு மஞ்சப்பை.''

எதிர்முனையில் மௌனம். பிறகு விளக்கினார். வாடகை மணிக்கணக்கில். என்னை மதுரையில் இறக்கிவிட்டு விமானம் காலியாகத் திரும்புமே, அதற்கும் நான்தான் அழவேண்டும். (எங்க ஊர் டாக்ஸிக்காரரின் அதே 'ரிட்டர்ன் காலி சார்' பாட்டு, ஆகாயத்தில்!) மொத்தத் தொகை என் ஒரு வருஷச் சம்பளம். அதற்கப்புறமும் மதுரையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் கார்ப் பயணம் பாக்கி.

பொதிகையின் அன்ரிசர்வ்டு பெட்டியில், பாத்ரூம் கதவோரம், ராத்திரி முழுக்க ஒற்றைக் காலில் நின்றேன். விடிகிற நேரம் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அப்பாவை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

''எப்படிடா வந்தே? டிக்கெட்டே இல்லைன்னாளே உங்கம்மா?''

''பறந்து வந்தேம்ப்பா.''

கசங்கிய சட்டையையும் வீங்கிய காலையும் ஒரு நிமிஷம் பார்த்தார்.

''சரி சரி... முதல்ல உட்காரு'' என்றார்.